ஒரு ஃப்ரீஹப்பை மாற்றி வாங்க ஏழு வாரம்

நேற்று சாயங்காலம்தான் என் சைக்கிளுக்குப் புது ஃப்ரீஹப் பாடி கைக்கு வந்தது. பின் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில், கேசட் என்ற பல்சக்கரக் கொத்து ஏறி உட்காரும் உருளைதான் அது; மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும், மிதிக்காதபோது சும்மா ஓட விடும். உடனே மாட்டி, எழுந்து நின்று அழுத்தி மிதித்து ஒரு மேடு ஏறிப் பார்த்துவிட்டேன். வழுக்கவில்லை. கடைக்கு முதல் மெயில் போட்ட நாளிலிருந்து எண்ணினால் சரியாக ஏழு வாரம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அலைச்சலில் பாதி, முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

வாங்கியதில் எந்தக் குறையும் இல்லை. 28 கம்பி, டிஸ்க் பிரேக், 142 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஹப்பின் குறுக்கே நுழையும் அச்சு), ஹெச்ஜி வகை ஃப்ரீஹப் (கேசட் ஏறும் வரிப்பள்ளங்களின் ஒரு வகை) என்று கேட்டது கேட்டபடி ஒரு பின் சக்கரம் நான்கே நாளில் வந்தது, கோணலும் இல்லை.

ஐந்தாவது மாதம் ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் டக்கென்று ஒரு சத்தம். பெடல் காலுக்கடியில் பாரமே இல்லாமல் அரைச் சுற்று ஓடியது, மார்பு போய் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் இடித்தது. கீழே விழாமல் காலை ஊன்றிக்கொண்டேன், பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. முதலில் செயின் மேல்தான் சந்தேகம். ஆனால் தேய்மானம் அளக்கும் செயின் செக்கரின் 0.5 பக்கம்கூட உள்ளே இறங்கவில்லை, அதாவது செயின் தேயவில்லை. கியர் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கரும் நேராக இருந்தது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேசட்டைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். ஒரே சீராக வரவேண்டிய கிளிக் சத்தம் விட்டு விட்டு வந்தது. சரி, கோளாறு ஃப்ரீஹப்புக்குள்தான்.

நான் செய்த முதல் தவறு, “பின் சக்கரம் வழுக்குகிறது, வாரண்டியில் மாற்றித் தர முடியுமா” என்று மொட்டையாக ஒரு வரி எழுதியது. ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது, போட்டோ அனுப்புங்கள் என்று. கேசட்டைக் கழற்றி ஃப்ரீஹப்பின் வெளிப்பக்கத்தை நாலு கோணத்தில் எடுத்து அனுப்பினேன். இது இரண்டாவது தவறு. அலுமினியப் பாடியில் இரும்புப் பல்சக்கரங்கள் அழுந்திக் கோடு கோடாகப் பள்ளம் விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “இது வழக்கமான தேய்மானம், வாரண்டியில் வராது” என்று எழுதிப் புகார் டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். அவர்கள் சொன்னது அந்தப் பள்ளத்தைப் பொறுத்தவரை சரிதான், ஆனால் என் புகார் அதைப் பற்றியே இல்லை. மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறக்க வைப்பதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. அதனால் சொல்கிறேன், கோளாறு எங்கே இருக்கிறதோ அதை மட்டும் காட்டுங்கள், பக்கத்தில் இருக்கும் தேய்மானத்தைக் காட்டி அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுக்காதீர்கள்.

இதற்கிடையில் சக்கரத்தைத் தயாரித்த கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தேன். விற்றவர் மூலமாகத்தான் வரவேண்டும் என்று இரண்டே வரியில் முடித்துக்கொண்டார்கள். கடைக்காரர்களோ தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்கிறார்கள். நான் செய்தது, தயாரிப்பாளரின் பதிலை அப்படியே கடைக்கான மெயிலில் சேர்த்து அனுப்பியதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை.

அடுத்தது வீடியோ. இந்த முறை கழற்றுவதற்கு முன்பே கேமராவை ஓட விட்டேன். முதலில் ஹப்பில் உள்ள சீரியல் நம்பர், பிறகு அந்த விட்டு விட்டு வரும் சத்தம், அதற்குப் பிறகுதான் கழற்றுவது, எல்லாம் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக. என் ஹப்பில் ஓரத்து மூடியை இழுத்தால் ஃப்ரீஹப் பாடி கையோடு வந்துவிடும். இப்படிப்பட்ட ஹப்பை இழுக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் தெறித்து எங்காவது போனால், நீங்கள்தான் தொலைத்தீர்கள் என்று ஆகிவிடும். உள்ளே பார்த்தால் விஷயம் தெளிவாக இருந்தது. ராட்செட் வளையத்தைப் பிடிக்கும் நகம் போன்ற துண்டுகள் மூன்றும் இருந்தன, ஆனால் ஒன்றின் நுனி அரிசி முனை அளவுக்கு உடைந்திருந்தது. இன்னொன்றின் ஸ்ப்ரிங் தன் பள்ளத்தில் உட்காராமல் சாய்ந்து கிடந்தது, அந்த நகம் மேலே எழும்பவே இல்லை. அதாவது என் முழு எடையையும் ஒற்றை நகம் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கிரீஸ் கெட்டியாக இருந்தாலும் நகம் ஒட்டிக்கொண்டு வழுக்கும், அதனால் நீங்கள் போட்ட கிரீஸ்தான் காரணம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அப்படியே கேட்டார்கள். இதுவரை திறக்காத ஹப் என்பதற்கு அந்த வெட்டாத வீடியோதான் சாட்சியாக நின்றது.

சரி, ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால், பில் உங்கள் பெயரில் இல்லையே என்றார்கள். தள்ளுபடி கூப்பன் இருக்கிறது என்று தம்பியின் கணக்கிலிருந்து ஆர்டர் போட்டது நினைவுக்கு வந்தது. முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் வாரண்டி என்று விதிமுறையில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறது. தம்பியின் மெயிலிலிருந்து, அவன் பெயரில், மறுபடி முதலிலிருந்து புகார் பதிந்தோம். தயவுசெய்து பாகங்களை உங்கள் சொந்தக் கணக்கிலேயே வாங்குங்கள். கூப்பனில் மிச்சமாகும் தொகைக்கு இந்தத் தலைவலி தகாது.

உச்சகட்ட எரிச்சல் கூரியர் அலுவலகத்தில். சக்கரம் முழுவதையும் அனுப்புங்கள், செலவு உங்களுடையது, குறை உறுதியானால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். கேசட், டிஸ்க், டயர், ட்யூப் எல்லாவற்றையும் கழற்றினேன் (கழற்றாமல் அனுப்பினால் அவை திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம்). பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டதால் அட்டை தேடிப் பெட்டி செய்து சுமந்துகொண்டு போனேன். அங்கே எடை போடவில்லை, டேப் வைத்து அளந்தார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து, அதையே எடை என்று கணக்குப் போட்டார்கள். 70, 70, 18 செ.மீ. பெட்டிக்கு 17.64 கிலோ! உள்ளே இருக்கும் சக்கரமோ ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அந்தத் தொகையைக் கட்டுவதற்குப் புது ஃப்ரீஹப்பே வாங்கிவிடலாம் போலிருந்தது. பெட்டியைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மெயிலை மறுபடி படித்தபோதுதான், ரிட்டர்ன் நம்பரைப் பெட்டியின் வெளியே எழுதாவிட்டால் பார்சலை வாங்கமாட்டோம் என்று கடைசி வரியில் இருந்ததைக் கவனித்தேன். நான் எழுதியிருக்கவில்லை. நல்லவேளை அனுப்பவில்லை.

அன்று ராத்திரி படுத்தபடி யோசித்தபோதுதான் வழி தோன்றியது. கெட்டுப்போனது ஃப்ரீஹப் பாடி, அது கையோடு கழன்று வருகிறது, பிறகு முழுச் சக்கரம் எதற்கு? காலையில் கடையின் ஆன்லைன் சாட்டில் இதையே கேட்டேன்: “பாடியை மட்டும் அனுப்பினால் சோதனைக்குப் போதாதா? போதாது என்றால் எந்தச் சோதனைக்குச் சக்கரம் தேவை என்று சொல்லுங்கள்.” இருபது நிமிடம் பதில் இல்லை. அப்புறம் டெக்னிக்கல் ஆள் ஒருவர் வந்து, பாடியை மட்டும் அனுப்புங்கள், லேபிளும் நாங்களே தருகிறோம் என்றார். ஐந்து வாரத்தில் முதன்முறையாக, சைக்கிள் தெரிந்த ஒருவர் என்னோடு பேசினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலம், செலவு எனக்கு ஒன்றுமே இல்லை. அந்த உரையாடல் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன், அது இரண்டே நாளில் உதவியது. அடுத்துப் பேசிய ஆள், முழுச் சக்கரம் வந்தால்தான் பார்ப்போம் என்று மறுபடி ஆரம்பித்தார், ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியதும் நின்றார்.

மாற்றுப் பாடி வந்தது, ஆனால் மைக்ரோஸ்ப்ளைன் வகை, அதன் வரிப்பள்ளங்கள் வேறு மாதிரி. என் ஹெச்ஜி கேசட் அதில் ஏறவே ஏறாது. இதற்கு இன்னொரு வாரம் ஆனது, அவ்வளவுதான், அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ஆனால் மாற்றுப் பாகம் கேட்கும் ஒவ்வொரு மெயிலிலும் ஹப் மாடல், ஃப்ரீஹப் வகை, ஆக்சில் அளவு மூன்றையும் திரும்பத் திரும்ப எழுதுங்கள். ‘முன்பே சொன்னேனே’ என்று விடவேண்டாம், அனுப்புபவர் பழைய மெயிலைப் படிப்பதில்லை.

பாகம் வந்த அன்றே, மாட்டுவதற்கு முன், அதில் பொறித்திருக்கும் எண்களைப் போட்டோ எடுத்து வைப்பதும் இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாரண்டிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் ஷிமானோ தன் 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா ஏஸ் மாடல் கிராங்குகளில் (பெடல் மாட்டும் ஆர்ம்கள்) 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவற்றைச் சோதனைக்கு அழைத்தபோது, எந்த கிராங்க் அதில் சேரும் என்பதை ஆர்மின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துக் குறியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெடலும் அழுக்கும் ஏறிய பிறகு அதைத் தேடிப் படிப்பது சுலபமில்லை.

உடைந்த நகத்தைத் திருப்பிக் கேட்டிருந்தேன், தரமுடியாது என்றுவிட்டார்கள். புதுப் பாடியின் எண்ணை எடுத்து பில்லோடு சேர்த்துவிட்டேன். அந்த 70க்கு 70 அட்டைப் பெட்டியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறேன், அதை இனி எறிவதாக இல்லை.