இடது இடுப்பு

மார்ச் 4
இடுப்பு வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துவிட்டது. தொடையெலும்பின் கழுத்தில், முன்பக்கம் மேலாக, 6 மி.மீ. புள்ளி. சுற்றிலும் மெல்லிய கோடு.

மார்ச் 5
தூக்கமில்லை.

மார்ச் 7
டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கித் தூக்கி, உள்பக்கம் சாய்த்து, பாதத்தை வெளியே திருப்பினார். தொடை இடுக்கில் சுரீர் என்றது. "இதேதானா உங்க வலி?" இதேதான்.

எலும்பின் உருண்டைத் தலை கழுத்தில் இறங்கும் இடம் குழிவாக இருக்க வேண்டுமாம். எனக்கு அங்கே மேடு. அந்த மேட்டை அளக்கும் ஆல்ஃபா கோணம் 66 டிகிரி. 60 தாண்டினாலே கேம் வகை முட்டல் என்கிறார்கள். காலை மடக்கும்போதெல்லாம் மேடு போய், தலை உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது. புள்ளியும் இடிக்கிற இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இடிபட்டு உண்டான குழி என்பது அவர் கணக்கு. 1982லேயே பிட் என்பவர் விவரித்த குழிதானாம். 2005இல் கான்ஸ் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் பார்த்தபோது, முட்டல் உள்ள இடுப்புகளில் மூன்றில் ஒன்றில் இது இருந்திருக்கிறது.

மார்ச் 8
வலியே இல்லாதவர்களுக்கும் இந்தக் குழி உண்டு என்று படித்தேன். அப்படியென்றால் என் புள்ளி எதற்குச் சாட்சி?

மார்ச் 11
ராத்திரி 2 மணி. படித்திருக்கவே கூடாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. புற்று இல்லை, சின்னக் கட்டிதான். ஆனால் ராத்திரியில் வலிக்கும், ஆஸ்பிரின் வகை மாத்திரைக்குச் சட்டென்று அடங்கும். நேற்று எனக்கும் மாத்திரையில் அடங்கியதே! தொடையெலும்பின் கழுத்தருகே வந்தால் முட்டல் மாதிரியே நடிக்குமாம். சுற்றி எலும்பு தடித்து மேடுகூடப் போடலாமாம். மேட்டால் புள்ளியா, புள்ளியால் மேடா?

மார்ச் 12
மாத்திரை போடாமல் படுக்கிறேன்.

மார்ச் 13
இடப்பக்கம் புரண்டால் மட்டும் வலி. மல்லாந்தால் இல்லை. சரி, கட்டி என்றால் எப்படிப் படுத்தாலும் விடாது, இல்லையா?

மார்ச் 15
டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அந்த மாத்திரைக்கு எந்த மூட்டு வலியும்தான் அடங்கும் என்று சிரித்தார். கட்டியாக இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் சுற்றியுள்ள மஜ்ஜையில் பெரும்பாலும் நீர் கோத்துத் தெரியும், எனக்கு அது இல்லை. ஆனாலும் மெல்லிய வெட்டுகளாக சி.டி. எடுக்கச் சொன்னார், கட்டியின் கரு அதில்தான் நன்றாகத் தெரியும். இருந்தால் ஊசி செருகிச் சூட்டால் பொசுக்கிவிடலாமாம். இல்லாவிட்டால் புள்ளியை மறந்துவிட்டு மேட்டைக் கவனிப்பது, முதலில் பிசியோ.

மறப்பதாம்!

மார்ச் 18
சி.டி. முடிந்தது. டெக்னீஷியன் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 19
தாழ்வான நாற்காலி கூடாது, சம்மணம் கூடாது. இடுப்பை ஆழமாக மடக்காமல் பிட்டத் தசைக்கு மட்டும் பயிற்சி. செய்யும்போது வலி இல்லை. எழுந்தால் இருக்கிறது.

மார்ச் 20
போன் வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் போனிலேயே சொல்லலாமே? எல்லோருக்கும் நேரில்தான் சொல்வோம் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். மாலை 4 மணிக்கு.