பரப்பளவு பெரிதானால் உலோகம் நீங்கிவிடுமா?

தண்ணீரிலிருந்து ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை நீக்குவதற்கென வேதிமுறையில் கிளர்வூட்டப்பட்ட கரியை (வேதிப்பொருளுடன் சூடேற்றி நுண்துளைகள் உண்டாக்கிய கரியை) பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில், ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர், 2000 சதுர மீட்டர் என்ற பரப்பளவு எண்ணே முன்னிறுத்தப்படுகிறது. அந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உலர்ந்த கரியின் மீது, பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில், நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அளக்கப்படுவது அது. நீரில் கரைந்துள்ள ஈய அயனியோ மின்சுமை உடையது. கரியின் பரப்பிலுள்ள கார்பாக்சில் போன்ற, ஆக்சிஜன் கொண்ட அணுத் தொகுதிகளே அதைப் பெரிதும் பிடித்துவைக்கின்றன.

மரத்தூளையோ கொட்டை ஓட்டையோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து, காற்றுப் படாமல் 700 முதல் 900 டிகிரி வரை சூடேற்றினால், பரப்பளவு 2000 சதுர மீட்டரைத் தாண்டவும் கூடும். ஆனால் அந்த வெப்பத்தில் கார்பாக்சில் தொகுதிகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதற்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தைக் கலந்தால் 400 முதல் 500 டிகிரியே போதும் என்பதாலும், அது பாஸ்பேட் தொகுதிகளையும் பரப்பில் விட்டுச்செல்வதாலும், ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நான் அதையே விரும்புவேன். துத்தநாக குளோரைடும் நல்ல நுண்துளைகளைத் தரும். எனினும் ஓர் உலோகத்தை நீக்கும் பொருளில் இன்னோர் உலோகம் எஞ்சியிருக்க இடமுண்டு என்பதால், அமிலத்தால் நன்கு கழுவியபின் கழுவிய நீரில் துத்தநாகம் இருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம்.

அடுத்தது கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு. அது 2 அளவில் இருந்தால், ஹைட்ரஜன் அயனிகள் ஈயத்தோடு போட்டியிட்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும்; கரைசல் நடுநிலையைத் தாண்டினால், ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே வீழ்படியத் தொடங்கும். கரியில்லாத ஒப்பீட்டுக் கரைசலையும் உடன்வைத்துச் சோதிக்காவிட்டால், அந்த வீழ்படிவும் கரியின் திறனாகக் கணக்கில் ஏறிவிடும்.

குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால், அது அமிலக் கரைசலில்தான் நன்றாக நீங்குகிறது. அங்கே கரி அதற்கு எலக்ட்ரான்களைத் தந்து, மூவிணைதிறக் குரோமியம் என்ற இன்னொரு வடிவமாக ஒடுக்கவும் செய்கிறது. இந்த மூவிணைதிற வடிவம் மீண்டும் நீரிலேயே கலந்திருக்கக்கூடும். ஆகவே ஆறிணைதிற வடிவத்தை மட்டும் அளந்துவிட்டு 'முழுவதும் நீங்கிவிட்டது' என்று எழுதுவதை ஏற்க முடியாது. மொத்தக் குரோமியத்தை அளக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம். வாலை வடிநீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் உலோகத்தைக் கரைத்துப் பெறும் உச்சத் திறன், கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த நிலத்தடி நீரில் இந்த நுண்ணளவை எட்ட முடியுமா என்பதைச் சொல்வதில்லை. அத்தகைய நீரைக் கரி நிரப்பிய குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்தி, வெளிவரும் நீரில் உலோகம் எப்போது வரம்பைத் தாண்டுகிறது என்று காட்டும் வரைபடத்தையே ஒவ்வொரு கட்டுரையிலும் நான் முதலில் தேடுகிறேன்.