மினிபஸ் காலத்து நாடகத்தை மறுபடி மேடையேற்றியபோது

பழைய நாடகத்தை மறுபடி போடப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்டது, "வசனத்தை மாத்துவீங்களா?" என்பதுதான். கைப்பேசி இல்லாத காலத்துக் கதை, பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசுகிற காட்சியெல்லாம் இருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே புரியப் போகிறது என்ற கவலை. நான் இதில் மேடை நிர்வாகம் பார்த்தேன். இசைக்காரர்களையும் நடிகர்களையும் ஒரே தாளத்தில் கோக்கிற வேலையும் என் கையில்தான் இருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன், வசனம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கங்கே நாலைந்து வரியைத் தொட்டதோடு சரி. ராத்திரி ராத்திரியாக எங்களை உட்கார வைத்தது உடம்பின் அசைவும் சத்தமும்தான்.

கதை 1998-இல் கோலாலம்பூரில் நடக்கிறது. ரப்பர் தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த ஒரு குடும்பம், செந்தூல் பக்கம் தகரக் கூரை போட்ட கம்பத்து (குடியிருப்புக் கிராமத்து) வீட்டில் ஒண்டிக்கொள்கிறது. அப்பாவுக்குக் காவலாளி வேலை, மகள் ஃபேக்டரிக்குப் போகிறாள், மகன் மினிபஸ்ஸில் கண்டக்டர். அந்த வருஷம் நினைவில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ரிங்கிட் விழுந்து கிடந்தது, கட்டடங்கள் பாதியில் நின்றன, கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு, இன்னொரு பக்கம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக நகரத்தையே பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். 1975-இல் ஓட ஆரம்பித்த இளஞ்சிவப்பு மினிபஸ்களும் அந்த வருஷத்தோடு ஓய்ந்தன. மகன் வேலை போய் வீட்டுக்கு வருகிற இடத்தில்தான் கதை திரும்புகிறது.

எங்களிடம் இருந்தது கையெழுத்துப் பிரதியின் ஒரு ஜெராக்ஸ் மட்டும். வசனம் முழுசாக இருந்தது. ஆனால் பஸ் காட்சிக்கு வந்தால் "பஸ் வருகிறது. இசை. எல்லாரும் ஏறுகிறார்கள்" என்பதோடு முடிந்துவிடுகிறது. என்ன இசை, எந்தக் காலப்பிரமாணம் (வேகம்), யார் எங்கே நின்றார்கள், ஒன்றும் கிடையாது. முதல் தடவை போட்டபோது வாசித்தவர்களில் ஒருவர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர், நல்லவேளையாக இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார். "எப்படி வாசிச்சீங்க மாஸ்டர்?" என்று கேட்டால் வாயால் அவருக்குச் சொல்ல வரவில்லை. உறுமி மேளத்தைக் கையில் கொடுத்ததும் வந்துவிட்டது. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி மெதுவாகத் தேய்க்கிறார், மேட்டில் கியர் மாற்றுகிற பஸ் அப்படியே முனகுகிறது. மறுபக்கத்தில் ஒரு அடி, பிரேக். செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில்தான் ஒத்திகை. அன்றைக்கு அந்த அறையில் இருந்த நாற்பது வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்களை அறியாமல் மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார்கள்.

இளம் நடிகர்கள் தூக்கவில்லை. அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் நன்றாக நடிக்கிறவர்கள், உச்சரிப்பு சுத்தம், மனப்பாடம் கெட்டி. ஆனால் மினிபஸ்ஸில் நிற்கச் சொன்னால் எல்.ஆர்.டி. என்கிற நகர ரயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்: கால் இரண்டும் சேர்ந்து, தலை குனிந்து, பக்கத்தில் நிற்பவர்மேல் படாமல் தோளைச் சுருக்கிக்கொண்டு. இன்றைய நகரம் அவர்கள் உடம்புக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறது. "மாசுக், மாசுக் டாலாம்!" (உள்ளே போங்க, உள்ளே!) என்று கண்டக்டர் மலாயில் கத்தக் கத்த, முன்பின் தெரியாத மனிதர்களோடு தோள் உரச உள்ளே நகர்ந்த அனுபவம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஆடிக் காட்டுங்கள் என்றால் ஆடுவார்கள், அது சினிமாவில் பஸ் ஆடுகிற மாதிரி இருக்கும்.

எங்களுக்கு அசைவு சொல்லிக்கொடுத்த அக்கா பரதம் கற்றுத்தருகிறவர். அவர் ஆடவே சொல்லவில்லை. தரையில் கயிற்றால் ஒரு சின்னச் சதுரம் போட்டார், எல்லாரையும் கையில் பையோடு அதற்குள் நிற்க வைத்தார், மாஸ்டரிடம், "எப்ப பிரேக் போடுவீங்கன்னு இவங்களுக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முதலில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், மன்னிப்பு கேட்டார்கள். கொஞ்ச நாளில் மன்னிப்பு நின்றது. காது தாளத்தைப் பிடித்து, தாளத்தை முழங்கால் வாங்கிக்கொண்டது. உறுமியின் முனகல் லேசாக மாறும்போதே எல்லா உடம்பும் ஒரு பக்கமாகத் தயாராகிறதைப் பார்க்க வேண்டுமே! மேடையில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது, ஆனாலும் பஸ் இருந்தது.

அதற்காக அந்த எல்.ஆர்.டி. நிலையைத் தூக்கி எறியவும் எங்களுக்கு மனசில்லை. அதுவும் உண்மைதானே. வசனமே இல்லாத ஒரு காட்சியைக் கடைசியில் சேர்த்தோம். அதே ஆட்கள், அதே வரிசை, இப்போது ரயிலில். எல்.ஆர்.டி.யின் கிளானா ஜெயா தடத்தில் முதல் பகுதி திறந்ததும் அதே 1998 செப்டம்பரில்தான், கண்டக்டரை விடுங்கள், ஓட்டுநரே இல்லாமல் ஓடுகிற ரயில். வேலை இழந்த மகன் அதில் நிற்கிறான். பஸ் காட்சியில் வந்த அதே தாளத்தைப் பாதி வேகத்துக்கு இழுத்து, உறுமிக்குப் பதில் வயலினில் ஒரே நீண்ட ஸ்வரமாகக் கொடுத்தோம். யாரும் யாரையும் தொடவில்லை. பழைய பிரதியில் இதற்கென்று ஒரு வார்த்தையையும் மாற்றாமல் இன்றைய கோலாலம்பூரை உள்ளே கொண்டுவர எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வழி இல்லை.

வாளிக் காட்சியை வெட்டிவிடலாம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கிற காட்சி, பழசாகிவிட்டது என்றார்கள். பழசா? 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பைப்பு காய்ந்து கிடந்ததை மறந்துவிட்டார்கள் போல. நான் விடவில்லை. அந்தக் காட்சியில் மேளமே கிடையாது, வாளிதான் வாத்தியம். காலி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து நடுவில் தட்டினால் ஒரு சத்தம், விளிம்பில் தட்டினால் இன்னொன்று, நிறைந்த வாளிக்கு அடைத்த மாதிரி ஒரு சத்தம். மேடையில் தண்ணீர் வைக்க முடியாது, தரை வழுக்கும், கீழே மின்கம்பி ஓடுகிறது. சின்னச் சின்ன மணல் மூட்டை கட்டி வாளிக்குள் போட்டுப் பார்த்தோம், அந்த அடைத்த சத்தம் கச்சிதமாக வந்தது. மணலைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு வாளிக்கும் ஒரு சுருதி பிடித்தார் மாஸ்டர். முதல் நாள் காட்சியில் வரிசையின் கடைசியில் நிற்கிற கிழவி வாளியைத் தரையில் 'டொம்' என்று வைத்ததுமே அரங்கில் சிரிப்பு, பின்வரிசையிலிருந்து, "எங்க வீட்டுக்கும் வரல லா!" என்று ஒரு குரல். பழசு என்று சொன்னவர்களும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள்.

செலவைக் குறைக்க இசையைப் பதிவு செய்து ஓட விடலாமே என்ற யோசனையும் வந்தது. வாத்தியக்காரர்களுக்குச் சனி ஞாயிறில் கல்யாணம், கோயில் திருவிழா, தைப்பூச மாதம் வந்துவிட்டால் ஆளையே பிடிக்க முடியாது, எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பதிவை ஓட விட்டால் நடிகர் அதன் பின்னால் ஓட வேண்டும். ஒரு நாள் அம்மாவாக நடித்தவர், மகன் வேலை போன செய்தியைக் கேட்டுவிட்டு, ஒத்திகையில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பேசாமல் நின்றார். மாஸ்டர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு, விரல் நுனியால் தோலை வருடிக்கொண்டே இருந்தார், அம்மா மூச்சை இழுத்ததும்தான் அடித்தார். எந்த ஒலிப்பதிவு அப்படிக் காத்திருக்கும்?

நேரடி இசை என்றால் தோலையும் பராமரிக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குப் பறைத்தோல் தொய்ந்துவிடும். அரங்குக்குள் நெருப்பு மூட்டிக் காய்ச்ச முடியாது என்பதால் திரைக்குப் பின்னால் ஹேர் டிரையரைப் பிடித்துச் சூடேற்றினோம். உறுமிச் சத்தம் சின்ன அரங்கில் வசனத்தை விழுங்கியது, அதனால் இசைக்காரர்களை நடிகர்களுக்குப் பின்னாலிருந்து ஓரத்துக்கு மாற்றினோம். நடிகர் முகம் தெரிகிற கோணமாக அது அமைந்தது பெரிய லாபம்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வசனத்துக்குப் பக்கத்தில் சொற்கட்டு (மேள அடிகளை வாயால் சொல்கிற எழுத்துகள்), எந்த வாளியில் எவ்வளவு மணல், கயிற்றுச் சதுரத்தின் அளவு, பிரேக்குக்கு யார் எந்தக் காலில் நிற்பது என்பதுவரை. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவும் இருக்கிறது. அடுத்து பினாங்கில் போடுவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே வாத்தியக்காரர்கள் வேறு ஆட்கள். தாள் அவர்கள் கைக்குப் போய்விட்டது, மாஸ்டரும் ஒரு வார இறுதிக்கு உறுமியோடு போய் உட்காரச் சம்மதித்திருக்கிறார்.