மேஜர் பிளாகேயின் பணிமனை

கார்ல் பிளாகே இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர். இரண்டாவது போர் முடியும்போது மேஜர். அவர் பேரைச் சொல்லும்படி எந்தப் போர்க்களமும் கிடையாது. அவர் பார்த்தது ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அதனாலேயே இந்த மனிதர் மேல் தனி ஈடுபாடு. ஆள் பட்டியலில் ஒருவன் பேருக்கு நேரே ஃபிட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எத்தனை பெரிய பொறுப்பு என்பது பணிமனையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பிளாகே அந்தக் கையெழுத்தை வைத்து யூதர்களின் உயிர்களைக் காப்பாற்றப் பார்த்தார்.

1897-இல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தார். முதல் உலகப் போரில் சோம், வெர்டன், ஃபிளாண்டர்ஸ் என்று மேற்கு முனையின் கொடுமையான இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு 1917-இல் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார். விடுதலையானது 1920-இல்தான். சிறையில் இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் பாதிக்கப்பட்டது. ஊர் திரும்பி, டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1924-இல் பொறியாளர் ஆனார்.

1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, யாரும் வற்புறுத்தாமல், தானாகவே சேர்ந்தார். நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்துவார்கள் என்று நம்பினார். இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது நியாயமில்லை. பிறகு கட்சியின் இனக்கோட்பாட்டைக் கற்பிக்க மறுத்தார், யூதர்களிடம் நட்பாக இருக்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டார், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் உரிமையாளருடைய மனைவி யூத வம்சாவளியில் வந்தவர். அந்தத் தம்பதியின் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றார்.

போர் தொடங்கியதும் மறுபடி அழைப்பு வந்தது. 1941 கோடையில் அவருடைய பிரிவு லிதுவேனியாவின் வில்னியஸ் நகருக்குப் போனது. எச்.கே.பி. 562 என்ற அந்தப் பிரிவின் வேலை, கிழக்கு முனையிலிருந்து வரும் லாரிகளையும் கார்களையும் சரிசெய்து திருப்பி அனுப்புவது. போருக்கு முன் 50 ஆயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துக்கு வெளியே பொனாரிக் காட்டில் குழிகளின் ஓரத்தில் நிறுத்தி அவர்களை நாஜிகள் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் மஞ்சள் அட்டை என்றொரு வேலை அனுமதி வந்தது. வைத்திருப்பவருக்கும், அவருடைய மனைவி அல்லது கணவருக்கும், இரண்டு குழந்தைகளுக்கும் அப்போதைக்கு உயிர் மிஞ்சும். பிளாகே 250 அட்டைகளை வாங்கிக் கொடுத்தார். பணிமனைக்குத் தேவையான தொழிலாளிகள் என்று அதில் முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் இருந்தார்கள். கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், யார் மெக்கானிக், யார் இல்லை என்று. சோதனைக்கு வரும் எந்த அதிகாரியும் அதைச் செய்திருக்கலாம். அந்த நிலையில்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

1943 செப்டம்பரில் வில்னியஸ் கெட்டோவை, அதாவது யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியை, அழிக்கப்போவது தெரிந்தது. அதற்குச் சில நாள் முன்னால், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை லாரிகளில் ஏற்றி சுபோச் தெருவில் இருந்த இரண்டு பெரிய குடியிருப்புக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தார். அதுவே பணிமனையின் தொழிலாளர் முகாம் ஆனது. ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். மனைவியும் குழந்தையும் கூட இல்லாவிட்டால் எவனும் மனம் ஒன்றி வேலை பார்க்க மாட்டான், உற்பத்தி படுத்துவிடும் என்று பிளாகே வாதாடினார். தையல் இயந்திரங்களை வரவழைத்து, பெண்களை ராணுவ உடைகளைத் தைத்துச் சரிசெய்யும் வேலையில் உட்காரவைத்தார். கருணை என்று பேசினால் காரியம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அதனால் உற்பத்தி, வேலைத்திறன் என்று அவர்களுக்குப் புரிந்த கணக்கிலேயே பேசினார்.

எல்லாம் கைகூடவில்லை. 1944 மார்ச் 27 அன்று, அவர் விடுப்பில் ஜெர்மனி போயிருந்த நேரத்தில், எஸ்.எஸ். முகாமுக்குள் புகுந்து சுமார் 250 குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரும்போது தாய்மார்கள் மட்டும் இருந்தார்கள். இந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அப்புறம் ஜூலை 1. சோவியத் ராணுவமான செஞ்சேனை நெருங்கிவிட்டது. பிளாகே முகாமுக்கு வந்து கைதிகளைக் கூட்டினார். பக்கத்திலேயே எஸ்.எஸ். அதிகாரி நிற்கிறான். என் பிரிவு மேற்கே போகிறது, உங்களை என்னோடு அழைத்துப்போக அனுமதி கிடைக்கவில்லை, திங்கட்கிழமை எஸ்.எஸ். வந்து உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும், கைதிகளை அவர்கள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும், மூட்டை முடிச்செல்லாம் வேண்டாம் என்ற பொருளில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு அதில் குற்றமாக ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. கைதிகளுக்கோ சேதி முழுசாகப் போய்ச் சேர்ந்தது, எந்தக் கிழமை என்பது உட்பட.

அன்றைக்கே பலர் மறைவிடம் தேடினார்கள். சுவருக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் பரணிலும் ஏற்கெனவே ரகசியமாக அமைத்து வைத்திருந்தார்கள். அவற்றை மலினா என்பார்கள். ஜூலை 3, திங்கட்கிழமை பேர் வாசித்தபோது பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களைப் பொனாரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். தேடிக் கண்டுபிடித்தவர்களை முகாம் முற்றத்திலேயே சுட்டார்கள். சில நாளில் சோவியத் படை நகரத்தைப் பிடித்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 250 பேர்.

1947-இல் டார்ம்ஸ்டாட்டில், பழைய நாஜிக் கட்சிக்காரர் என்ற முறையில் அவர்மேல் விசாரணை நடந்தது. அகதி முகாமில் இருந்த பழைய கைதிகள் கேள்விப்பட்டு, அவருக்காகச் சாட்சி சொல்ல ஆள் அனுப்பினார்கள். குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கு வழி இருந்தும், கட்சியோடு கூடப் போனவன் என்ற பிரிவிலேயே என்னை வையுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். 1957-இல் காலமானார்.

பிறகு நீண்ட காலம் யாருக்கும் அவரைத் தெரியாது. உயிர் பிழைத்தவர்களில் ஒருவரின் மகனான மைக்கேல் குட் என்ற அமெரிக்க மருத்துவர்தான் தேட ஆரம்பித்தார். அதுவரை தப்பியவர்களுக்கு மேஜர் பிளாகே என்ற பேர் மட்டும்தான் நினைவில் இருந்தது. யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம், யூதர்களைக் காப்பாற்றிய பிறருக்கு அது வழங்கும் விருதுக்கான விண்ணப்பத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டு 2004-இல் அவரை ஏற்றது. 2005-இல் விழா நடந்தது. அவர் உயிரைப் பணயம் வைத்ததற்கு ஆதாரம் போதவில்லை என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம். விருது கொடுப்பவர்கள் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே வில்னியஸில், அதே ராணுவத்தில் இருந்த அன்டன் ஷ்மிட் என்ற சார்ஜென்ட், யூதர்களுக்கு உதவியதற்காக 1942 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டார். அது தெரிந்த ஊரில் அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் பிளாகே அந்தப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.