சார்ஜ் ஏறாத லேப்டாப்பிலிருந்து மாமாவின் பாட்டுகளை எடுத்த கதை

மாயவரத்திலிருந்து மாமா வந்தபோது ஒரு பழைய லேப்டாப் பை கொண்டுவந்தார். உள்ளே சார்ஜர், அதன் முனையில் சுற்றிய ரப்பர் பேண்டு, ஒரு காலித் தீப்பெட்டி. தீப்பெட்டி எதற்கு என்று கேட்டேன். "சார்ஜர் பின்னை மேல பாத்து இழுத்துக் கட்டி, அடியில இதை முட்டுக் கொடுத்தா லைட் எரியும் மாப்ள. ஆறு மாசமா அப்படித்தான் ஓடுச்சு" என்றார்.

இப்போது தீப்பெட்டிக்கும் மசியவில்லை. ஊரில் காட்டிய கடையில் மதர்போர்டே போய்விட்டது, டேட்டாவுக்கு உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்களாம். உள்ளே இருப்பது, அக்கம்பக்கத்து ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு மாமா தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. வேறு பிரதி கிடையாது.

சனிக்கிழமை காலை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். சார்ஜர் மேல் 19.5 வோல்ட் என்று எழுதியிருந்தது, முனையில் 19.4 வந்தது. சார்ஜர் மேல் தப்பில்லை. லேப்டாப் பக்கத்து ஜாக்தான் பல் ஆடுவது போல ஆடியது. சார்ஜர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசியும் வளைந்திருந்தது. சில கம்பெனி லேப்டாப்களில், வந்திருப்பது எத்தனை வாட் சார்ஜர் என்ற தகவல் அந்த ஊசி வழியாகத்தான் போகும். தகவல் போகாவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. மாமா சொன்ன வரலாறு இதோடு அப்படியே பொருந்தியது. முதலில் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி வடிந்து செத்தது. அப்புறம் சார்ஜரை மட்டும் நம்பி ஓடியது. ஜாக்கும் தளர்ந்ததும் மேஜை குலுங்கினாலே அணைந்தது.

பேட்டரியைக் கழற்றினேன். லேசாக உப்பியிருந்தது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. மணல் போட்ட பெயின்ட் வாளியில் வைத்துப் பால்கனி மூலையில் தள்ளிவிட்டேன்.

அடுத்து நான் செய்தது சுத்த முட்டாள்தனம். பின்னைக் கையால் பிடித்துக்கொண்டே லேப்டாப்பை ஆன் செய்து, பென்டிரைவில் காப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு முறை முயன்றேன். மூன்று முறை விண்டோஸ் திறப்பதற்குள் போய்விட்டது. நாலாவது முறை டெஸ்க்டாப்பே வந்தது, பென்டிரைவைச் சொருக இடது கையை நீட்டினேன், வலது கை அசைந்தது, 'க்ளக்'.

அந்த 'க்ளக்' ஹார்ட் டிஸ்க்கின் சத்தம். மின்சாரம் சட்டென்று நின்றால், தட்டு சுற்றிக்கொண்டிருக்கும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, டிஸ்க் தன் ஹெட்டை, அதாவது தட்டைப் படிக்கும் முனையை, அவசரமாக ஓரம் கட்டும். ஆபத்துக்கு என்று வைத்த ஏற்பாடு அது. மாமா ஆறு மாதமாக அதைத் தினப்படி வேலையாக்கியிருந்தார், நான் என் பங்குக்கு நாலு சேர்த்தேன்.

கரன்ட் வழியில்தான் கோளாறு, டிஸ்க்குக்கு லேப்டாப்பே தேவையில்லை என்று மதியத்துக்கு மேல்தான் உறைத்தது. அடிப்பக்கம் இரண்டு திருகு, ஒரு மூடி, டிஸ்க் கையில் வந்துவிட்டது. 2.5 அங்குலம், சாட்டா வகை இணைப்பு, 500 ஜிபி. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி வந்தேன்.

என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் முன்பக்கத்து யூஎஸ்பியில் சொருகினால் டிக், டிக், டிக். தட்டு சுற்றவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. லேபிளைப் படித்த பிறகுதான் உயிர் வந்தது: 5 வோல்ட், 1 ஆம்பியர். முன்பக்கத்தில் இருப்பது பழைய யூஎஸ்பி 2, அதற்கு விதித்த அளவு 500 மில்லி ஆம்பியர். சுற்றத் தொடங்கும் அந்த முதல் இழுப்புக்கு அது போதவில்லை. பின்பக்கத்தில் யூஎஸ்பி 3, 900 வரை தரும். அங்கே மாற்றியதும் சுற்றியது. டிக் டிக் சத்தம் கேட்டாலே டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் உடனே 'இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்டது. ஆமாம் என்று ஒரு தட்டு தட்டினால் மாமா முகத்தில் விழிக்க முடியாது. கேன்சல் கொடுத்து, கம்ப்யூட்டரை லைவ் லினக்ஸில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில், ஏற்றினேன்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் இரண்டு வரிகளைத்தான் பார்த்தேன். வரி எண் 192, அவசரமாக ஹெட்டை இழுத்த எண்ணிக்கை: 641. 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னக் கட்டங்கள்: 24. அடி பட்டிருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது. இந்த நிலையில் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து காப்பி எடுப்பது தப்பு. முழு டிஸ்க்கையும் ஒரே படமாக (இமேஜ், அதாவது டிஸ்க்கின் நகல் முழுவதும் ஒரே கோப்பாக) எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தில்தான் தேட வேண்டும். அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம். நல்ல இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்ப வந்து சுரண்டும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தொடரலாம்தான், மேப் கோப்பு இருந்தால். படத்தை 1 டிபி வெளி டிஸ்க்கில் சரியாக வைத்தேன். மேப் கோப்பை மட்டும் லைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பிலேயே போட்டுவிட்டேன். அது ரேமில் இருக்கும் இடம். ராத்திரி 320 ஜிபி தாண்டும்போது தெருவுக்கே கரன்ட் போனது. சார்ஜ் நிற்காத லேப்டாப்பை வைத்து மாமாவைக் கிண்டல் செய்தவன் வீட்டில் யூபிஎஸ் இல்லை! மேப் கோப்பு காற்றோடு போயிற்று. முதலிலிருந்து ஆரம்பம்.

ஞாயிறு காலை மேப் கோப்பையும் வெளி டிஸ்க்கில் வைத்து ஓட்டினேன். பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. மிச்சத்தைச் சுரண்ட சாயங்காலம் வரை ஆனது. கடைசி வரை வராமல் நின்றது 48 கிலோபைட்.

படத்தை 'வாசிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்து திறந்தேன். பழைய மெஷின், டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் எதுவும் இல்லை. புது லேப்டாப் என்றால் டிஸ்க்கைக் கழற்றுமுன் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

'தாலாட்டு' என்று தேடினேன். ஒன்றுமே இல்லை. 'நடவு', 'ஒப்பாரி', அதுவும் இல்லை. அரை மணி நேரம் திண்டாடிவிட்டு, ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தால் உள்ளே முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது: பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. இன்று பொதுவாகப் புழங்கும் யூனிகோடு முறைக்கு மாமா மாறவே இல்லை. அவர் கோப்பில் தாலாட்டு என்பது ஜே, எச், வொய், எச், எல், அரைப்புள்ளி, பெரிய எல். எழுத்துருவை நிறுவியதும் குப்பையெல்லாம் தமிழாக நிமிர்ந்தது. எல்லாவற்றையும் வெறும் டெக்ஸ்டாக மாற்றி, அந்த ஜே-எச்-வொய்யைத் தேடினால் 31 கோப்புகள். மற்ற பாட்டுகளும் சேர்ந்து 140க்கு மேல்.

அந்த 48 கிலோபைட் யார் தலையில் விழுந்தது என்று பார்க்க டிடிரெஸ்க்யூவிலேயே வழி உண்டு. படத்தின் நகலில், ஓட்டை விழுந்த இடங்களில் எல்லாம் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லி, எந்தக் கோப்புக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினேன். இரண்டு விண்டோஸின் சொந்தக் கோப்புகள். மூன்றாவது, என் கல்யாண வீடியோ. பாட்டில் ஒரு வரி போகவில்லை.

பென்டிரைவில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பிரதி போட்டு மாமாவிடம் சொன்னேன். "சரி மாப்ள, லேப்டாப் எப்ப ஆன் ஆகும்?" என்றார்.

ஜாக் 150 ரூபாய்தான். அடுத்த சனிக்கிழமை சால்டரிங் அயர்ன் எடுக்கிறேன். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் இதுவரை 12 கோப்புகள் முடிந்திருக்கின்றன.