முதல் ரேங்க் பிள்ளையும் ரப்பரும்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் எட்டு மார்க் கேள்வி இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று கிராஃப். 100 மார்க்குக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம், எட்டு மார்க்குக்கு 14 நிமிடம் சொச்சம். சுமாராகப் படிக்கிற பிள்ளை பரவளையத்தை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். வகுப்பில் முதலாவது வருகிற பிள்ளையைக் கவனியுங்கள். அட்டவணை சரி, புள்ளிகள் சரி. ஆனால் வளைவு அடியில் கொஞ்சம் கூராகத் தெரிகிறது. ரப்பரை எடுக்கும், அழிக்கும், மறுபடி வரையும், மறுபடி அழிக்கும். தாள் சுணை கிளம்பி, பென்சில் கரி அப்பிக்கொண்ட பிறகு வேறு கிராஃப் தாள் கேட்கும். அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். வீணான 16 நிமிடத்தில் ஐந்து மார்க் கேள்வி கிட்டத்தட்ட இரண்டை எழுதியிருக்கலாம். கூரான வளைவுக்குக் குறைந்திருக்கக்கூடியது மிஞ்சிப்போனால் ஒரு மார்க்.

'ரொம்பக் கவனமான பிள்ளை' என்று நாம் பாராட்டுவது பெரும்பாலும் எதிலும் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்கிற இந்தப் பிடிவாதத்தைத்தான். கவனமான பிள்ளை தப்பைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடும். இந்தப் பிள்ளையால் நகர முடியாது. விடை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கை தூக்கும். சந்தேகம் கேட்காது. இரண்டாம் பரிசு வந்துவிடக்கூடிய போட்டிக்குப் பெயரே கொடுக்காது. முதல் பக்கத்தில் கையெழுத்து கோணிவிட்டது என்று ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடும். வெளியே இருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் மாதிரியே இருக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஏன் இப்படி? எட்டாம் வகுப்புவரை ஒரு தடவை வாசித்தாலே போதும் என்று பழகியது அது. தப்பாகச் செய்து, திணறி, பிறகு பிடித்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு வாய்க்கவே இல்லை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துச் சின்னப் பள்ளியில் ஒரே பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்துவரை முதல் ரேங்க்கில் இருக்கலாம். பிளஸ் ஒன்னுக்கு ராமநாதபுரமோ மதுரையோ போய் விடுதியில் சேர்ந்தால், சுற்றி இருப்பதெல்லாம் அவரவர் பள்ளியின் முதல் ரேங்க். முதல் யூனிட் டெஸ்டில் 62 வந்தால் 'இந்தப் பாடம் கஷ்டம்' என்று தோன்றாது, 'நான் இவ்வளவுதானா' என்று தோன்றும்.

உளவியலாளர்கள் ஹெவிட்டும் ஃப்ளெட்டும் 1991-இல் இந்தக் குறையின்மைப் பிடிவாதத்தை (perfectionism) மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவதுதான் ஆளை அதிகம் அரிக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்த எதிர்பார்ப்பு தெருவளவு பெரிது. 'கலாம் மாதிரி வரணும்' என்று சொல்லாத ஆள் இங்கே இல்லை. அவர் விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்து, எட்டே இடம் இருந்ததால் வெளியே நின்றதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

'டென்ஷன் ஆகாதே' என்பதால் ஒரு பயனும் இல்லை. கடிகாரத்தைக் கையில் கொடுங்கள். மாதிரித் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் முடிக்கவேண்டிய நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளட்டும். அந்த நேரம் வந்ததும் அரைப் பக்கம் விட்டுவிட்டு அடுத்த கேள்வி. கடைசி 15 நிமிடத்தில் திரும்பி வரலாம். கிராஃபுக்கு ஒரே ஒரு முறைதான் ரப்பர். இதைத் தேர்வு மண்டபத்தில் தொடங்கினால் பதறிப்போகும், வீட்டுப்பாடத்தில் தொடங்குங்கள்.

நீட் எழுதப்போகும் பிள்ளைக்கு வேறு சிக்கல். சரி என்றால் 4, தப்பு என்றால் மைனஸ் 1. நான்கில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட்டபின்னும், மைனஸுக்குப் பயந்து விட்டுவிடும். மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்கு 1.5 மார்க் லாபம். வாயால் சொன்னால் ஏறாது, அதையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கை நம்புகிற பிள்ளைகள் இவர்கள்.

ஒரு தப்பு நோட்டு வைக்கலாம். என்ன எழுதினேன், எந்த வரியில் தடம் மாறியது, அடுத்த தடவை எதைப் பார்ப்பேன் என்று மூன்று கட்டம். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. குறி மாறியதா, அலகு மாறியதா, கேள்வியில் 'அல்ல' என்பதைத் தாண்டிப் போனதா என்று எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் அந்த நோட்டுக்கே இரண்டு கலர் ஸ்கெட்ச் வாங்கிக் கோடு போட ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு ஒன்று, பாடத்துக்கு வெளியே, 20 நிமிடத்தில் முடியாத கணக்காகக் கொடுங்கள். விடை வேண்டாம், முயன்று பார்த்த இரண்டு வழிகளை எழுதினால் போதும்.

பாராட்டும் வேலை செய்கிறது, கெடுதலாகவும். உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று கேட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிறகு எளிதான கணக்குகளையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். 'நன்றாக முயன்றாய்' என்ற பாராட்டைப் பெற்றவர்கள், புதிதாகக் கற்றுத்தருகிற கணக்குகளையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையின் நோட்டை வகுப்பில் தூக்கிக் காட்டாதீர்கள். கரும்பலகையில் நீங்கள் தப்புப் போட்டால் சத்தமாகச் சொல்லித் திருத்துங்கள்.

மீனவர் வீடுகளுக்கு மே மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தேர்வு முடிவு வருவது அதன் நடுவில்: கையில் காசு இல்லை, அப்பாவோ அத்தாவோ பகல் முழுக்க வீட்டில். '98 சரி, அந்த ரெண்டு எங்கே போச்சு?' என்று விளையாட்டாகக் கேட்டாலும் அது உள்ளே போய்த் தைக்கும். முடிவு வருமுன்பே, எந்த மார்க்குக்கு எந்தப் படிப்பு என்று மூன்று வழிகளை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிள்ளையைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மார்க்கைப் போடாதீர்கள். தூக்கம் கெடுவது, எழுதியதைக் கிழித்துப் போடுவது, தேர்வன்று வயிற்றுவலி என்று நின்றுவிடுவது, 'நான் இருந்து என்ன' என்கிற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் முடிவு நாள்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.