துணியில் தங்கியது

மொரீசியஸில் எங்கள் உணவகத்தில் அந்த அம்மா, இங்கே பேசும் கிரியோல் மொழியில், கேட்டது இரண்டே சொல். "சான் லவியான்?" இறைச்சி இல்லாமல்தானே, என்று. அதற்கு முன்பே "மோ தாங் காரெம்" என்று சொல்லியிருந்தார், விரதத்தில் இருக்கிறேன் என்று. தைப்பூசக் காவடிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ரசக் கெண்டியைப் பிடித்தபடி மேசையருகே நின்ற நான் "வி, மதாம்" என்றேன், ஆமாம் அம்மா என்று. ஊற்றினேன்.

அது ஜெலட்டின் போட்டுத் தெளிய வைத்த ரசம். ஜெலட்டின், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

இப்போதுகூட 'போட்டுத் தெளிய வைத்த' என்றுதான் கை எழுதுகிறது. 'ஜெலட்டின் கலந்த ரசம்' என்று எழுத வரவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று இன்னும் நம்புகிறேன். அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதில்தான் தடுமாற்றம்.

செய்முறையைச் சொன்னால் என் தடுமாற்றம் புரியும். தக்காளி, புளி, மிளகு, சீரகம் போட்டுக் கொதித்த ரசத்தை முதலில் வடிகட்ட வேண்டும். பருப்புத் தண்ணீர் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் எந்த வித்தையிலும் தெளியாது. ஒரு லிட்டருக்கு 5 கிராம் ஜெலட்டின், 2.5 கிராம் தகடு என்றால் இரண்டு. குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, சூடான ரசம் ஒரு கரண்டியில் கரைத்து, மொத்தத்தோடு கலக்க வேண்டும். அகலத் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் கல்லாக உறைய விட வேண்டும். பிறகு மஸ்லின் துணி விரித்த ஓட்டைத் தட்டில் அந்தக் கட்டியை வைத்து, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒன்றரை நாள், இரண்டு நாள் உருக விட வேண்டும். பனிக்கட்டி உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். ஜெலட்டின் வலை துணியிலேயே நின்று, தக்காளிச் சதை, மிளகுத்தூள், எண்ணெய் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு வெளியே வைத்து உருக்கினால் வலையும் இளகி ரசத்தோடு இறங்கிவிடும்; அத்தனையும் மறுபடி கலங்கல். மொரீசியஸில் காவடி வருவது ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில். ஃபிரிட்ஜ் கதவை நாலு தடவை கூடுதலாகத் திறந்தாலே போதும், கெட்டுவிடும்.

எண்ணெயோடு தாளிப்பின் மணமும் துணியில் தங்கிவிடுவதால், ஊற்றுவதற்கு முன் கோப்பையில் மூன்று சொட்டு கறிவேப்பிலை எண்ணெய் விடுவோம். விருந்தினர் முன்னால் ஊற்றும்போது மணம் எழும்பும். மேசைக்கு வந்து ஊற்றுவதே அதற்காகத்தான்.

ஆக ஜெலட்டின் எங்களுக்குத் துணி மாதிரி, சல்லடை மாதிரி. ரெசிபி கார்டில் பொருள்கள் பட்டியலில் அது இல்லை. கீழே செய்முறை வரியில் இருந்தது. பரிமாறுகிறவர்களின் ஒவ்வாமைத் தாளிலும் இல்லை. அந்தத் தாள் ஐரோப்பியப் பட்டியலைப் பார்த்து எழுதியது, 14 கட்டம்: கோதுமை, நண்டு, முட்டை, மீன், வேர்க்கடலை, பால், எள், கடுகு என்று போகும். மாட்டுத் தோலுக்குக் கட்டம் கிடையாது. (பெருங்காயத்தை மட்டும் பிடித்துவிட்டோம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ரசம் கொடுக்கிற யாரும் டப்பாவைத் திருப்பிப் படிப்பது நல்லது.)

ஆம், மாடு. பன்றி ஜெலட்டின் வேண்டாம், முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வருகின்றன என்று யோசித்து, ஹலால் முத்திரை போட்ட மாட்டு ஜெலட்டினாகப் பார்த்து வாங்கியிருந்தோம். அந்தக் கவனத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேசையில் நின்றபோது எனக்கு இது தெரியுமா, தெரியாதா? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டு நாள் முன்பு அந்த 5 கிராமை நிறுத்துப் போட்டவனே நான். ஆனால் 'லவியான்' என்ற சொல்லைக் கேட்டதும் மனம் கறித்துண்டைத் தேடியது, எலும்புச் சாற்றைத் தேடியது, இரண்டும் இல்லை, 'வி' என்று வாய் சொல்லிவிட்டது. கெண்டியைத் திரும்ப வைக்கும்போதுதான் தட்டிலே துணியும், துணிமேல் அந்தச் சிவப்புக் கூழும் கண்ணில் பட்டன.

பக்கத்தில் நின்ற கமி பையனிடம், சமையலறை உதவியாளனிடம், சொன்னேன். ஊர்க்காரப் பையன், தமிழ்க் குடும்பம், வீட்டில் கிரியோல்தான். "அவங்க கேட்டது இறைச்சி இருக்கான்னுதானே?" என்றேன். அவன் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்கம்மாவும் அப்படித்தான் கேப்பாங்க ஷெஃப். எல்லாத்தையும் சேர்த்துத்தான் கேக்குறாங்க."

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடித்தாகிவிட்டது, சொன்னால் அவருக்கு மனக்கஷ்டம்தானே மிஞ்சும், மகன் பிரான்சிலிருந்து வந்திருக்கிற இரவு, என்றெல்லாம் காரணம் அடுக்கினேன். அவை அவருக்கான காரணங்களா, எனக்கானவையா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து வரவேண்டிய பாயசக் கட்டியை மட்டும் நிறுத்தினேன். அதிலும் அதே தகடு. பதிலுக்குச் சாதாரணப் பாயசம் போயிற்று. ஏன் மாற்றினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா, கோவிலில் ஏழு சைவக் கறியோடு ஊற்றும் ரசோன் (ரசத்துக்கு இங்கே அதுதான் பெயர்) போலவே இருந்தது, கலங்கல்தான் இல்லை, என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஜெலட்டினில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். வடிந்த ரசம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறைவதில்லை, அதுவே சாட்சி. ஒயினையும் பல இடங்களில் ஜெலட்டின், முட்டை வெண்கரு போட்டுத்தான் தெளிய வைக்கிறார்கள், யார் கேட்கிறார்கள்? எல்லாம் சரி. ஆனால் பெரும்பகுதி என்பது முழுவதும் அல்ல. 'கொஞ்சம்தான்' என்று விரதக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

மறுநாளே அகர் வாங்கி வந்தோம். கடற்பாசி. லிட்டருக்கு 2 கிராம். புளிப்பில் கொதித்தால் அகரின் பிடிப்பு தளரும் என்பதால் கால் லிட்டர் தனித் தண்ணீரில் நாலு நிமிடம் கொதிக்கவிட்டு, முக்கால் லிட்டர் ரசத்தை வெதுவெதுப்பாக அதில் ஊற்றிக் கலக்க வேண்டும். சில்லென்று ஊற்றினால் அங்கங்கே திரிந்து நிற்கும். தண்ணீர் சேர்வதால் ரசம் முதலிலேயே உறைப்பாக இருக்க வேண்டும். ஐஸ் மேல் அசைக்காமல் உறையவிட்டு, விஸ்கால், முட்டை அடிக்கும் கம்பியால், மெதுவாக உடைத்தால் தயிர் உடைந்தது போல ஆகும், அதைத் துணியில் வடிக்கலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆசைப்பட்டுப் பிழிந்தால் அகரே இறங்கிவிடும்.

சங்கடமான செய்தி என்னவென்றால், அகர் ரசம்தான் நாக்குக்கு மேல். இரண்டு நாள் காத்திருக்காததால் மிளகும் சீரகமும் விழித்தபடி இருக்கின்றன. குறை ஒன்றே ஒன்று: லேசான பனிமூட்டம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஒயின் கோப்பையில் அடி தெரிய வேண்டும், படம் எடுக்கிறார்கள், என்பதற்காக ஜெலட்டின் ரசத்தை நாங்கள் விடவில்லை. விடவேண்டும் என்று நான் வாதாடியதும் இல்லை. ஃபிரிட்ஜில் இப்போது இரண்டு டப்பா. அகர் டப்பாவில் பையன் 'காரெம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

போன வாரம் எட்டுப் பேர் மேசை ஒன்று. சைவம் என்று யாரும் குறிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் நெற்றியில் மட்டும் விபூதி. பையன் இரண்டு டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பெரியவருக்கு அகர் என்றேன். மற்ற ஏழு பேருக்கும் மற்றது.